கார் ஷெட்டில் ஒரு தச்சுப்பட்டறை – 6
கிளம்பும் நொடி

மேசை ரம்பத்தை ஷெட்டுக்குள் இறக்கி வைத்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். மறுநாள் காலை சுவரில் இருந்த பிளக்கில் செருகி ஸ்விட்சைத் தட்டினேன். ரம்பம் ஒரு முனகு முனகியது. ட்யூப் லைட் மங்கியது. அடுக்களையிலிருந்து "மிக்ஸி நின்னுபோச்சு!" என்று குரல். எம்.சி.பி. விழுந்துவிட்டது.

வயர்மேன் அண்ணன் வந்தார். மோட்டார் தகட்டில் ஒன்றரை எச்.பி. என்றிருந்ததைப் படித்தார், பிறகு சுவரைப் பார்த்தார்.

"சார், இது லைட்டுக்குன்னு அடுக்களை லைன்ல தட்டி இழுத்தது. ஒன்றரை ஸ்கொயர் வயர். இதுல போய் ரம்பத்தை மாட்டலாமா?"

என்னிடம் கணக்கு இருந்தது. ஒரு எச்.பி. 746 வாட். ஒன்றரைக்கு 1,119. அதை 230 வோல்ட்டால் வகுத்தால் ஐந்து ஆம்பியர்கூட வரவில்லையே? அங்கேதான் சறுக்கினேன். தகட்டில் இருப்பது மோட்டார் வெளியே தரும் திறன். இழப்புகளையும் பவர் ஃபேக்டரையும் சேர்த்தால் ஓடும்போதே ஒன்பது ஆம்பியரைத் தாண்டும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது அதைப் போல் ஐந்தாறு மடங்கு, அதாவது ஐம்பது ஆம்பியர் வாக்கில் இழுக்கும். ஒரு நொடிகூட நீடிக்காது. ஆனால் வயரைத் தீர்மானிப்பது அந்த நொடிதான்.

மெயின் போர்டிலிருந்து ஷெட்டுக்கு 20 மீட்டர். போக வர 40. ஒன்றரை ஸ்கொயர் செம்புக் கம்பியில் அந்தத் தூரத்துக்கு அரை ஓம் தடை. ஐம்பது ஆம்பியர் பாயும்போது 25 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடும். மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால் ஐந்தில் ஒரு பங்கு பலம் போய்விடும். முனகியதற்கு அதுதான் காரணம். நாலு ஸ்கொயர் வயரானால் இழப்பு பத்து வோல்ட்டோடு நிற்கும்.

"பெரிய எம்.சி.பி. மாட்டினா போதாதா அண்ணே?" என்றேன்.

"அது வயரைக் காப்பாத்த இருக்கு சார், மெஷினை இல்ல. 32 ஆம்பியர் போட்டா எம்.சி.பி. விழாது, சுவத்துக்குள்ள வயர்தான் உருகும்."

விழுந்தது 10 ஆம்பியர் 'பி' வகை. மூன்று முதல் ஐந்து மடங்குக்குள் சட்டென்று விழும். மோட்டாருக்கு ஐந்து முதல் பத்து மடங்கு வரை பொறுக்கும் 'சி' வகை வேண்டும்.

மெயின் போர்டிலிருந்து நேராக நாலு ஸ்கொயர் இழுத்து, ஷெட்டிலேயே ஒரு சின்ன டி.பி. பெட்டி வைத்தோம். ரம்பத்துக்கு ஒரு 16 ஆம்பியர் 'சி', தூசி உறிஞ்சிக்கு இன்னொன்று. இவை இரண்டும் சேர்ந்தே ஓடும். கையில் பிடிக்கும் டிரில்லுக்கும் கிரைண்டருக்கும் மூன்றாவதே தாராளம். விளக்கை மட்டும் தனி லைனில் போடச் சொல்லி நானே பிடிவாதம் பிடித்தேன். ரம்பத்தின் எம்.சி.பி. விழும்போது விளக்கும் சேர்ந்து அணைந்தால், இருட்டில் சுழன்றுகொண்டிருக்கும் ரம்பச் சக்கரத்துக்கு அருகில் நம் விரல் இருக்கும்.

கரண்ட் போய் வருவது நமக்குப் பழகிய விஷயம். சாதாரண ஸ்விட்ச் போட்டபடியே இருக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும் ரம்பம் தானாகக் கிளம்பும். வயல் பம்ப்செட்டில் பச்சை, சிவப்புப் பொத்தானோடு இருக்கும் ஸ்டார்ட்டரில் அந்தப் பிரச்சினை இல்லை. கரண்ட் போனால் உள்ளே காயில் விட்டுவிடும், மறுபடி பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். சிங்கிள் பேஸ் ஸ்டார்ட்டர் ஒன்று வாங்கி ரம்பத்துக்கும் மாட்டிவிட்டோம்.

கடைசியாக, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மாட்டினோம். இரும்பு மேசைக்கு எர்த் உறுதியாக இருக்க வேண்டும். மூன்றாம் பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின்னில் செருகும் பழக்கம் பட்டறைக்கு ஆகாது.

உங்கள் வீட்டு ஆர்.சி.சி.பி.யிலும் 'டெஸ்ட்' பொத்தான் ஒன்று இருக்கும். இன்றைக்கே ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால் வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

(தொடரும்)