கெடு கடந்த கோப்புகள்

உயர் நீதிமன்ற நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 217ஆவது பிரிவு. அமைச்சரவையின் ஆலோசனைப்படியே அவர் கையொப்பமிடுகிறார். ‘கலந்தாலோசித்து’ என்னும் சொல்லுக்கு, தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதன்மை என்று 1993இல் உச்ச நீதிமன்றம் பொருள் தந்தது, கொலீஜியம் உருவானது. மாற்றாக நாடாளுமன்றம் அமைத்த ஆணையத்தை 2015இல் அதே நீதிமன்றம் நீக்கியது.

கொலீஜியம் ஒரு பெயரை மீண்டும் வலியுறுத்தினால் அரசு ஏற்றாக வேண்டும். 2021இல் மூன்று, நான்கு வாரக் கெடுவும் விதிக்கப்பட்டது. ஆனால், கெடு கடந்தால் நியமனம் தானாக நிகழ்வதில்லை.

சென்னை வழக்கறிஞர் ஜான் சத்யன் 2022 பிப்ரவரியில் பரிந்துரைக்கப்பட்டார். பிரதமரை விமர்சித்த கட்டுரையைப் பகிர்ந்தார் என்று ஆட்சேபம் எழுந்தது. அது தகுதியைக் குறைக்காது என்று 2023 ஜனவரியில் கொலீஜியம் வலியுறுத்தியது. அன்று புதிதாகப் பரிந்துரைக்கப்பட்ட சிலர் மறுமாதமே பதவியேற்றனர். அவர் பெயர் காத்திருந்தது.

மறுக்க உரிமையில்லாத இடத்தில் தாமதமே மறுப்பாகிறது. தாமதிப்பவருக்குச் செலவில்லை என்றால் தாமதம் பெருகும். பொருளியல் கற்பித்த எனக்கு இது புதிதல்ல. அச்செலவைச் சுமப்பவர், மாட்டுத்தாவணியில் இறங்கி உயர் நீதிமன்றக் கிளைக்குச் செல்லும் வழக்காடி.

கெடு முடிந்தால் ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளச் சட்டம் வேண்டும். கொலீஜியமும் தன் தேர்வின் காரணங்களை முழுமையாக வெளியிட வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்றைக் கேட்பது நியாயமாகாது.