மூக்கறியும் மது: சிங்கிள் மால்ட் விஸ்கியும் அதன் மணச்சொற்களும்

நண்பர் ஒருவர், பயணத்தில் தமக்குப் பரிசாகக் கிடைத்த விஸ்கிப் புட்டியின் அட்டையைக் கொணர்ந்து, அதிலுள்ள வருணனையைத் தமிழிற் சொல்லுமாறு கேட்டார். புகை, கடற்பாசி, அயோடின் மருந்து, புண்ணுக்குக் கட்டும் துணி, உலர்ந்த திராட்சை, தேங்காய் என அதில் அடுக்கியிருந்தது. கேட்டு முடித்ததும் அவர் சிரித்துவிட்டு, "ஆசுபத்திரியும் மளிகைக் கடையும் ஒரே புட்டிக்குள்ளா?" என்றார்.

அவர் கேள்வி வேடிக்கையானதாயினும் விடை தேடத் தக்கது. அட்டையில் உள்ளவை அறிவுச் சொற்களா, அன்றி வாணிகன் பூசிய வண்ணமா? குடிக்குப் பரிந்து பேசுதல் இக்கட்டுரையின் கருத்தன்று. தோட்டத்துக் கள்ளுக்கடையால் நம்மவர் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு அதை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. மணத்தைச் சொல்லாற் பிடிக்க ஒரு நாட்டார் எவ்வாறு முயன்றனர் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதற்கண் பெயரைத் தெளிவோம். 'மால்ட்' என்பது முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை. 'சிங்கிள்' என்பதை ஒரே பீப்பாயில் எடுத்தது எனப் பலர் கொள்வர். அது தவறு. ஒரே வடிசாலையில் உண்டானது என்பதே அதன் பொருள். அச்சாலையின் பல பீப்பாய்களைக் கலந்தும் ஒரு புட்டியை நிரப்பலாம். 2009ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கிச் சட்டம் இதனைத் திட்டமாக வரையறுக்கிறது. வாற்கோதுமை மால்ட்டும் நீரும் நொதியமும் அன்றி வேறொன்றும் சேர்த்து நொதிக்க வைத்தல் ஆகாது. கொப்பரையில் தொகுதி தொகுதியாக வடித்தல் வேண்டும். 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே, மூன்றாண்டுக்குக் குறையாமல் கிடத்தல் வேண்டும். சாராயம் நூற்றுக்கு 40 பங்குக்குக் குறையலாகாது. அட்டையில் 12 ஆண்டு என்றிருந்தால், அப்புட்டியிற் கலந்தவற்றுள் மிக இளையதன் வயது அது என்க.

விஸ்கி என்னும் சொல்லின் பிறப்பும் சுவையானது. 'உயிர்நீர்' என்று பொருள்படும் இலத்தீனத் தொடரை ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியார் 'உஷ்க பஹா' எனப் பெயர்த்தனர். அதன் முற்பகுதியே மருவி விஸ்கி ஆயிற்று. 1494-95ஆம் ஆண்டின் அரசுக் கணக்கேட்டில், மன்னர் நான்காம் ஜேம்ஸின் ஆணைப்படி உயிர்நீர் செய்வதற்காக ஜான் கார் என்னும் துறவிக்கு மால்ட் வழங்கிய குறிப்பு உள்ளது. உயிர்நீர் துறவியார் கையில் தொடங்கியது என்பதைக் கண்டு வியப்போரும் உளர். அக்காலத்தில் அது மருந்தாகவே கருதப்பட்டது.

இனி நண்பரின் ஆசுபத்திரிக்கு வருவோம். முளைத்த வாற்கோதுமையின் வளர்ச்சியை நிறுத்த அதைச் சூளையில் உலர்த்துவர். மரமும் கரியும் அரிதான இடங்களில் 'பீட்' என்பதை எரித்தனர். சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் பல்லாயிரம் ஆண்டு முற்றும் மக்காது படிந்து, வெட்டியெடுத்து உலர்த்தினால் எரியும் பொருளாவதே பீட். அதன் புகையிலுள்ள பீனால் இனப் பொருள்கள் ஈரத் தானியத்தின் உமியிற் படிந்துவிடுகின்றன. நொதித்தலாலும் வடித்தலாலும் அவை குறையுமேயன்றி முற்றும் போவதில்லை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கப்பாலுள்ள ஐலா தீவு இதற்குப் பேர்போனது. அதன் தென்கரையில் லாப்ராய்க், லாகவூலின், ஆர்ட்பெக் என்னும் மூன்று வடிசாலைகள் அடுத்தடுத்து உள்ளன. மூன்றும் புகை மணத்தில் தலைசிறந்தவை.

இவ்விடத்தில் ஒரு செய்தியை நினைவுகொள்ளல் வேண்டும். கார்பாலிக் அமிலம் என்று ஆசுபத்திரிகளில் வழங்கிய கிருமிக்கொல்லி வேறொன்றன்று, அதுவே பீனால். அதே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், 1865இல், ஜோசப் லிஸ்டர் என்னும் மருத்துவர் அதனைப் புண்ணில் இட்டுக் கட்டித் துணிகளை நனைத்தார். அன்று தொடங்கிப் பல தலைமுறையினர்க்கு அதுவே மருத்துவமனையின் மணமாயிற்று. ஆகவே ஐலா விஸ்கியில் கட்டுத்துணி மணக்கிறது என்பது உவமையும் அன்று, கற்பனையும் அன்று. ஒரே இனப் பொருளை மூக்கு ஈரிடத்தில் இனங்கண்டு கொள்கிறது.

மளிகைக் கடைக்கும் இவ்வாறே காரணம் காட்டலாம். நொதியம் சர்க்கரையைச் சாராயமாக்குகையில் எஸ்டர் என்னும் பொருள்கள் பிறக்கின்றன. அவற்றுள் ஒன்று வாழைப்பழத்தின் மணத்தை உடையது. அதே நொதித்தலில் அழுகிய முட்டையை நினைவூட்டும் கந்தகப் பொருள்களும் தோன்றும். கொப்பரையைச் செம்பாற் செய்வதன் பயன் இங்கேதான் விளங்கும்: ஆவி செம்பிற் பட, கந்தகம் பெரும்பாலும் அங்கே தங்கிவிடுகிறது. கொப்பரையின் கழுத்து நீண்டால் கனத்த ஆவி மேலேற மாட்டாது திரும்ப விழும். மென்மையானதே கடந்து செல்லும். கிளென்மோரஞ்சி வடிசாலையின் கழுத்துகள் ஐந்து மீட்டருக்கும் மேல் உயர்ந்தவை; அதன் விஸ்கி மெல்லியதாயிருப்பது இதனாலேயே என்பர். வடிந்து வருவதிலும் முதலும் ஈறும் நீக்கி நடுவைத்தான் கொள்வர். எங்கே வெட்டுவது என்பது வடிப்பவனின் திறம்.

வடித்த விஸ்கி நீர்போல் நிறமற்றது. நிறமும், மணத்தின் பெரும்பகுதியும், பீப்பாய் தருவன. அமெரிக்காவின் போர்பன் விஸ்கிக்குப் புதிய ஓக் கலனே வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்கு விலைக்கு வருகின்றன. அமெரிக்க ஓக்கில் லாக்டோன் என்றொரு பொருள் உண்டு. தேங்காய் மணம் அதனுடையது. வெனிலா மணமும் மரத்திலிருந்தே வருகிறது. ஸ்பெயின் நாட்டு ஷெர்ரித் திராட்சை மது ஊறிய பீப்பாயாயின், உலர்ந்த திராட்சை, அத்திப்பழம் போன்ற மணங்கள் சேரும். ஆண்டுதோறும் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு மரத்தின் வழியே ஆவியாகிப் போகிறது. தேவதைகளின் பங்கு என்று அதனை அந்நாட்டார் சொல்லி மனந்தேறுகின்றனர்.

ஆதலால் அட்டைச் சொற்கள் முற்றும் பொய்யல்ல. எனினும் வாணிகனை முற்றும் நம்பவும் வேண்டா. வெறுஞ் சர்க்கரைக் கருக்கால் நிறமேற்ற அதே சட்டம் இடந்தருகிறது. கண் கண்டதை மூக்கு வழிமொழியும் என்பதற்குச் சான்றும் உண்டு. பிரான்சின் போர்டோ நகரில் மதுவியல் பயிலும் 54 பேருக்கு, வெள்ளைத் திராட்சை மதுவில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தனர். அவர்கள் சிவப்பு மதுவுக்குரிய சொற்களாலேயே அதனை வருணித்தனர். இவ்வாய்வு 2001இல் வெளியாயிற்று. பயின்றவர் நிலையே இதுவாயின், கருநிறத்தையும் பெருவிலையையும் கண்டு மயங்குவோரைப் பற்றிச் சொல்லுவானேன்!

சொல் நிலைபெறாவிடில் மணமும் நிலைபெறாது. இதனை உணர்ந்தே 1979இல் ஸ்காட்லாந்தின் பெண்ட்லண்ட்ஸ் ஆய்வகத்தார், விஸ்கி மணங்களை வகுத்து ஒரு சக்கரமாக வரைந்து, இன்ன மணத்துக்கு இன்ன சொல் என்று வரையறை செய்தனர். ஆங்கிலத்தில் மணத்துக்கெனத் தனிச்சொற்கள் அரிது. எலுமிச்சை போல, புகை போல என்று பொருளைச் சுட்டித்தான் சொல்லல் வேண்டும். இது மனித மூக்கின் குறை என்றே மேனாட்டார் நெடுங்காலம் எண்ணினர். அவ்வெண்ணத்தைக் குலைத்தவர்கள் தீபகற்ப மலேசியாவின் வடபுறக் காடுகளில் வாழும் ஜஹாய் மக்கள். அசிஃபா மஜீத், நிக்லாஸ் புரன்ஹுல்ட் என்னும் ஆய்வாளர் இருவர் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஜஹாய் மொழியில் மணங்களுக்கென்றே பத்துக்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. பெட்ரோல், புகை, வௌவாலின் எச்சம் ஆகியவற்றுக்குப் பொதுவான மணத்தைக் குறிக்க ஒரே சொல் உண்டு. நிறத்தைச் சொல்வதுபோல் மணத்தையும் அவர்கள் ஒருமித்துச் சொல்லினர். ஆங்கிலம் பேசுவோரால் அது கூடவில்லை.

தமிழாசிரியர்க்கு இங்கே வேலை உண்டு. பழந்தமிழில் நறுமணத்துக்கும் உரியதாயிருந்த 'நாற்றம்' இன்று தீநாற்றமாகச் சுருங்கிவிட்டது உண்மையே. ஆயினும் நம் அடுக்களைச் சொற்கள் வளமானவை. மிளகாய் வறுபடும் கமறல், பழைய எண்ணெயின் சிக்கு, முட்டையின் கவிச்சி, ஆட்டு மொச்சை, கருகல், நெடி ஆகியவற்றுள் பலவற்றுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் நேர் காண்டல் அரிது. நண்பரின் அட்டையிலிருந்த 'புகை' என்பதற்குக் கமறல் என்பதே பொருத்தம் என்று யான் சொன்னேன். அவர் மீண்டும் முகர்ந்து பார்த்து ஒப்புக்கொண்டார்.

சுவைத்தறியும் முறை எளிது. கீழே பருத்து மேலே குவிந்த சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு விரல் உயரங்கூட வேண்டா. அதனினும் குறைவாக வார்த்தல் வேண்டும். வாயைச் சற்றே திறந்தபடி, கிண்ணத்தைத் தொலைவிலிருந்து மெல்ல அணுக்குக. ஆழ மூச்சிழுத்தால் சாராயம் மூக்கை மரக்கச் செய்துவிடும். பின்னர்ச் சில துளி நீர் சேர்க்க. நீர் சேர்ப்பது இழுக்கு என்போர் உளர். ஆனால் கலப்பு வல்லுநர் நூற்றுக்கு 20 பங்கு அளவுக்கு நீரால் தணித்தே மணம் பார்க்கின்றனர். 2017இல் ஸ்வீடன் ஆய்வாளர் இருவர் கணிப்பொறி வழி ஆராய்ந்து, புகை மணத்துக்குரிய குவயகால் என்னும் பொருள், சாராயம் மிக்கபோது நீர்மத்துள் மூழ்கியும், தணிந்தபோது மேற்பரப்பில் மிதந்தும் இருப்பதாகக் காட்டினர். நீர் மணத்தைக் குறைப்பதில்லை; மேலே கொணர்கிறது.

பிறகு ஒரு துளியை நாவிற் புரட்டுக. நாவறிவது சில சுவைகளே. அறுசுவையுள் நாம் சேர்த்த கார்ப்பினை உடலியலார் சுவையென்னாது எரிவென்பர். விஸ்கியின் காரமும் அவ்வினத்ததே. மற்றையதெல்லாம் தொண்டையின் பின்வழியே மூக்குக்கேறும் மணம். ஐயமுடையோர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சுவைத்து, பிறகு கையை எடுத்துப் பார்க்கலாம். குடியாதோர் இச்சோதனையைக் கொத்துமல்லிக் காப்பியிற் செய்யினும் ஒன்றே.

விழுங்கியே ஆகவேண்டும் என்பதும் இல்லை. அத்தொழிலில் உள்ளோர் நாள்முழுதும் முகர்ந்தே தீர்ப்புச் சொல்வர். கிண்ணத்தை உடனே கழுவிவிடாமல் மறுநாட் காலை எடுத்து முகர்ந்தால், சாராயம் முழுதும் போய், அடியில் ஐலாவின் சூளைப் புகையும் ஓக் மரமும் மட்டும் எஞ்சியிருக்கும்.