பனிக்கு வேறு டயர், பாடாலூர் வெயிலுக்கு வேறு டயர்... தெரியுமா?

திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூர் பக்கம், பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலை இருக்கிறதல்லவா? அந்த நிறுவனம் 1946-ல் திருவொற்றியூரில் குழந்தைகளுக்கான பலூன் செய்துதான் தொடங்கியது, தெரியுமா? பலூனில் பிறந்த கம்பெனியின் டயரை மாட்டிக்கொண்டு 2022-ல் ஸ்பெயின்காரர் ஒருவர் ஐரோப்பிய ராலி சாம்பியன் பட்டத்தையே தட்டிக்கொண்டு போனார்!

பெரம்பலூரிலும் அரியலூரிலும் டயருக்கு ஒரே எதிரி சூடுதான். மே மாதத் தார்ச்சாலையில் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு சிமென்ட் ஆலைக்குப் போகும் லாரியைக் கேட்டால் சொல்லும். ஆனால் இந்த ஊர்ப் பிள்ளை கனடாவின் டொராண்டோவிலோ மான்ட்ரியலிலோ வேலைக்குப் போய், ஆசை ஆசையாக பி.எம்.டபிள்யூ. எம்3 மாதிரி ஒரு காரை வாங்கிவிட்டால்? அங்கே கதையே தலைகீழ்!

500 குதிரைத்திறன் இருந்தும், கோடைக்கான டயரோடு அந்தக் கார் பனியில் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கும், தெரியுமா? பனி விழவே வேண்டாம். 7 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கினாலே கோடைக்கான டயரின் ரப்பர் விறைக்க ஆரம்பித்து, பிடிப்பு குறைந்துவிடும். கடுங்குளிரில் சில பந்தய ரக டயர்களின் ரப்பர் விரிசலே விட்டுவிடும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் காராயிற்றே என்று நம்பவும் முடியாது. கிளம்புவதற்குத்தான் அது உதவும். பிரேக் போட்டால் நிறுத்துவது டயர் மட்டுமே.

இதைவிட ஆச்சரியம்: குளிரையே தாங்காத ரப்பர் மரத்தின் பால்தான் பனியில் கை கொடுக்கிறது! கன்னியாகுமரி மலையடிவாரத்தில் வெட்டி எடுக்கிறார்களே, அந்த இயற்கை ரப்பர் கண்ணாடி போல இறுகிப்போக வேண்டுமானால் மைனஸ் 70 டிகிரி வாக்கில் குளிர வேண்டும். அதனால்தான் பனிக்கால டயரில் இயற்கை ரப்பர் கூடுதல். கூடவே சிலிக்காவும் சேர்ப்பார்கள்.

அந்த டயரைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு பட்டனிலும் மயிரிழையாய் வளைந்து வளைந்து கீறல்கள். விரலால் அழுத்தித் தள்ளினால் கீறல் விரிந்து, இன்னொரு விளிம்பு எட்டிப் பார்க்கும். பனியைக் கவ்வுவது அந்த விளிம்புகள்தான். பள்ளங்களில் பனி அடைத்துக்கொள்வதும் நல்லதுக்கே, ஏனென்றால் பனியோடு பனிதான் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்! ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் 1988-ல் கொண்டுவந்த பிளிசாக் டயரின் ரப்பரிலோ கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். ஐஸ் மேலிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தை அவை உறிஞ்சிவிடும். பின்லாந்தின் நோக்கியன் 1934-லேயே லாரிக்குப் பனி டயர் செய்துவிட்டது!

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? பக்கச்சுவரில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனிப்பூவும் பொறித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பனிப் பரிசோதனையில் தேறிய டயருக்குத்தான் அந்த முத்திரை. வெறும் ‘எம்+எஸ்’ (சேறு, பனி) எழுத்தை மட்டும் நம்பக் கூடாது. அடுத்ததுதான் பலரும் நம்ப மறுப்பது: பனிக்கு அகல டயர் வேண்டாம், ஒல்லியானதே மேல்! 19 அங்குல ரிம்மைக் கழற்றிவிட்டு 18 அங்குலம் போடலாம். மொத்த விட்டம் மாறாமல் பக்கச்சுவர் உயர்ந்துகொள்ளும், குழியில் ரிம் அடிவாங்காது. ஆனால் இந்த ரகக் கார்களின் பிரேக் பெரியது. சின்ன ரிம் அதில் இடிக்காதா என்று மாட்டிப் பார்க்காமல் காசைக் கொடுக்கக் கூடாது.

உறைந்த ஐஸில் தினமும் போகிறவருக்குக் கீறல் மிகுந்த மென்மையான டயர். பனியை அள்ளிவிட்ட நெடுஞ்சாலையில் வேகமாய்ப் போகிறவருக்கு, எச் (210 கி.மீ.), வி (240 கி.மீ.) வேகக் குறியீடுள்ள பெர்ஃபாமன்ஸ் ரகம். டொராண்டோ வாசிக்கு என் ஓட்டு இரண்டாவதுக்கே. எதுவானாலும் நான்கையும் மாற்ற வேண்டும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று போட்டால் வளைவில் வண்டி சுழன்றுவிடும்.

இதில் சட்டமும் உண்டு, தெரியுமா? மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் கட்டாயம். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் மாட்டினால் கார் இன்சூரன்ஸில் தள்ளுபடி கேட்டு வாங்கலாம்; 2016 முதல் கம்பெனிகள் அதைக் கொடுத்தே ஆக வேண்டும்.

காற்றும் குளிரில் சுருங்கும்! 25 டிகிரி கராஜில் பிடித்த காற்று, மைனஸ் 15-ல் ஏறக்குறைய 7 பி.எஸ்.ஐ. இறங்கியிருக்கும். வண்டி குளிர்ந்து நிற்கும்போதே அளந்து பிடியுங்கள். டயர் வாங்கும்போது கடையில் அதன் பக்கச்சுவரைத் திருப்பிக் காட்டச் சொல்லி, தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தையும் படித்துவிடுங்கள்: 3524 என்றிருந்தால், 2024-ன் 35-வது வாரத்தில் செய்தது.