குதிரை லாயமும் தோட்டாவின் கழுத்தும்

புணேயின் பாணேரில் குடியிருப்பவர்களுக்குக் கிழக்கே கட்கி, மேற்கே பாலேவாடி. கட்கியில் 1869-லிருந்து தோட்டாத் தொழிற்சாலை இயங்குகிறது. 2021 அக்டோபரில் அது மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டது. பாலேவாடி விளையாட்டு வளாகத்தில் துப்பாக்கி சுடும் அரங்கு இருக்கிறது. தோட்டா பிறக்கும் இடத்துக்கும் சாகும் இடத்துக்கும் நடுவில்தான் காய்கறி வாங்கிக்கொண்டு போய் வந்துகொண்டிருக்கிறோம். ஆனாலும் தோட்டாவைக் கையில் எடுத்து, குண்டு ஏன் கூட்டைவிட்டுக் கழன்று விழுவதில்லை என்று யோசித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பேச்சில் தோட்டா, குண்டு இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். தோட்டா என்பது முழுப்பொருள். அடியில் தீப்பொறி கொடுக்கும் பிரைமர், அதைத் தாங்கும் பித்தளைக் கூடு, கூட்டுக்குள் மருந்து, வாயில் செருகிய குண்டு எல்லாம் சேர்ந்தது அது. பறந்து போவது குண்டு மட்டும். ரைஃபிள் தோட்டாவின் கூடு நம் வீட்டுக் கூஜா போலத் தோள்பட்டையில் ஒடுங்கி, மேலே சின்னக் கழுத்தாக நிற்கும். குண்டைப் பிடித்திருப்பது அந்தக் கழுத்துதான். ராணுவத் தோட்டாவில் ஈரம் புகாமலிருக்க ஒரு பூச்சு பூசுவார்கள். அதை நம்பிக் குண்டு நிற்கவில்லை.

குண்டின் விட்டத்தைவிடக் கழுத்தின் உள்விட்டம் மயிரிழை குறைவாக, சுமார் 0.05 மில்லிமீட்டர் அளவுக்கு, இருக்கும். குண்டைத் திணித்ததும் பித்தளை விரிந்து கொடுக்கிறது. பழைய அளவுக்குத் திரும்பத் துடிக்கும் அந்த மீட்சிதான் பிடி. வளையல்காரர் கையை அமுக்கி ஏற்றிய வளையல் மணிக்கட்டில் நிற்பதை நினைத்துக்கொள்ளலாம். வளையல் விரிந்து கொடுக்காது, கை கொடுக்கும் என்பதைத் தவிர உவமை சரிதான்.

இந்தப் பிடி ஒவ்வொரு தோட்டாவிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். மருந்து பற்றியதும் அழுத்தம் ஏறுகிறது. பிடி தளர்ந்த இடத்தில் குண்டு முன்னதாக நழுவும், இறுகிய இடத்தில் சற்றுத் தாமதிக்கும். மருந்து எரியும் விதமே அதனால் மாறி, வேகமும் மாறுகிறது. பாலேவாடி கணக்கில் சொன்னால் எளிது. 50 மீட்டர் ரைஃபிளின் குண்டு நொடிக்கு 330 மீட்டர் அளவில் புறப்படுகிறது. அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 12 சென்டிமீட்டர் இறக்கிவிடும். வேகம் நூற்றில் ஒரு பங்கு குறைந்தால் இன்னும் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இறங்கும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். 2024 ஆகஸ்ட் 1 அன்று பாரீஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற பந்தயத்தின் இறுதிச்சுற்றில் புள்ளியைப் பத்தாகப் பிளந்து எண்ணினார்கள். அந்தப் பத்தில் ஒன்று வெறும் 0.8 மில்லிமீட்டர்.

அவர் சுட்ட வகைத் தோட்டாவை யாரும் திரும்ப நிரப்புவதில்லை. தீ பிடிக்கும் ரசாயனம் அதன் அடிவிளிம்பிலேயே இருப்பதால், ஒருமுறை நசுங்கினால் கதை முடிந்தது. வீரர்கள் செய்யக்கூடியது, பல தயாரிப்புத் தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, தம் துப்பாக்கிக்கு ஒத்துவரும் தொகுதியைப் பெட்டி பெட்டியாக வாங்கி வைப்பதுதான். பெரிய ரைஃபிள் தோட்டாக்களின் சங்கதி வேறு. அவற்றின் கூட்டைப் பலமுறை பயன்படுத்தலாம். அமெரிக்காவில் இது ஊரறிந்த பொழுதுபோக்கு. இங்கே 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆனால் அந்தப் பொழுதுபோக்காளர்கள் சந்திக்கும் சிக்கலில் ஒரு நல்ல உலோகவியல் பாடம் ஒளிந்திருக்கிறது.

குண்டு ஆடுகிறது, விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. உடனே தோன்றும் வைத்தியம் கிரிம்ப், அதாவது கூட்டின் வாயை உள்நோக்கி மடித்துக் குண்டின் இடுப்பிலுள்ள பள்ளக் கோட்டில் பதிய வைப்பது. உதைக்கும் துப்பாக்கியிலும், தோட்டாவை முரட்டுத்தனமாக உள்ளே தள்ளும் தானியங்கித் துப்பாக்கியிலும் இதற்கு வேலை உண்டு. ஆடுகிற குண்டுக்கு மட்டும் இது மருந்தல்ல. இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு என்று அமுக்கினால் பிடி சில சமயம் குறைந்தே போகும். குண்டின் உள்ளே இருப்பது ஈயம். நசுங்கினால் நசுங்கியபடியே கிடக்கும். பித்தளையோ அமுக்கிய அச்சு விலகியதும் கொஞ்சம் விரியும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, மேலிருந்து வரும் அழுத்தத்தில் தோள்பட்டை புடைத்து, தோட்டா துப்பாக்கியின் அறைக்குள் போக மறுக்கும். கூடுகளின் நீளம் கூடக்குறைய இருந்தாலோ, நீளமானது நசுங்கும், குட்டையானது தொடாமலே தப்பிக்கும்.

ஆக, கிரிம்ப் ஒரு தாழ்ப்பாள். நிலையோடு பொருந்தாத கதவைத் தாழ்ப்பாளால் சரிசெய்ய முடியாது. பார்க்க வேண்டியது கழுத்தை. அங்கே உள்ளளவு கூடியிருக்கலாம், சுவர் மெலிந்திருக்கலாம். அடிக்கடி காண்பது மூன்றாவது: கழுத்து முறுக்கேறிப் போயிருக்கும். ஒவ்வொரு சுடுதலிலும் விரிந்து, ஒவ்வொரு அச்சிலும் சுருங்கி, பித்தளை கெட்டிப்படுகிறது. பிறகு கொடுத்த அளவில் நிற்காமல், கூட்டுக்குக் கூடு வெவ்வேறாக மீள்கிறது. கடைசியில் நெடுக விரிசல் விடும்.

இதற்கு வைத்தியம் புணே கஸ்பா பேட்டிலுள்ள தாம்பட் ஆளிக்காரர்களுக்குத் தெரியும். செம்புப் பாத்திரம் அடிக்கும் அந்தத் தெருவில், சுத்தியல் அடியில் இறுகிய தகட்டை நெருப்பில் காய்ச்சி இளக்கி மறுபடி அடிப்பார்கள். கூட்டின் கழுத்துக்கும் அதே பக்குவம். அடிப்பாகத்தில் மட்டும் சூடு ஏறவே கூடாது. வளிமண்டலத்தைப் போல மூவாயிரம் மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்க வேண்டியது அந்த அடிப்பாகம். அது இளகினால் சுடுபவரின் முகத்துக்கே ஆபத்து.

பித்தளைக்குள் தங்கும் இந்த இறுக்கம் என்னவெல்லாம் செய்யும் என்பதை உலகம் கற்றுக்கொண்டது நம் நாட்டு மழைக்காலத்தில்தான். பிரிட்டிஷ் இந்தியப் படை மழை மாதங்களில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தது. மழை விட்டு எடுத்துப் பார்த்தால், யாரும் சுடாத தோட்டாக்கள் வெடிப்பு விட்டிருந்தன. அதுவும் குறிப்பாக, கூடு குண்டைக் கவ்வும் அந்தக் கழுத்தில். பருவத்தோடு வந்ததால் அதற்குப் ‘பருவ வெடிப்பு’ என்றே பெயர் விழுந்தது. மழைமீதும் வெக்கைமீதும் பழி போனது. 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் உண்மையான ஆளைக் காட்டினார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா. அது மட்டும் போதாது. உலோகத்துக்குள் ஏற்கெனவே இழுவிசை தேங்கியிருக்க வேண்டும். எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளையில் இரண்டும் சந்தித்தால், படிகங்களின் எல்லை வழியே விரிசல் ஊர்ந்து போகிறது. குண்டைப் பிடித்திருந்த விசையே கூட்டைப் பிளந்திருக்கிறது!

பித்தளைப் பொருள்களில் இப்படித் தேங்கிய இழுவிசை உண்டா என்று பார்க்க, மாதிரியைப் பாதரச நைட்ரேட் கரைசலில் முக்கும் சோதனை உண்டு. இறுக்கம் மிச்சமிருந்தால் நிமிடங்களில் விரிசல் முகம் காட்டிவிடும். இந்த இறுக்கத்தைப் போக்க, ஆலைகளில் கூடு செய்யும் கடைசிக் கட்டங்களில் கழுத்தைத் தீநாக்கில் காட்டி எடுக்கிறார்கள். ராணுவத் தோட்டாவில் கழுத்தும் தோளும் நீலம் கலந்த பழுப்பாக, தீய்ந்ததுபோல் தெரிவது அதனால்தான். கடைச்சரக்கில் அதை மெருகேற்றி அழித்துவிடுவதுண்டு. ராணுவத்தில் அழிப்பதில்லை, நெருப்பு பட்டதா என்று பரிசோதகர் கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும் என்று.