கைப்பொருளுக்கேற்ற கமரா

உழவு இயந்திரம் வாங்குபவர் தம் தோட்டத்தின் பரப்பைச் சொல்லி விலை பேசுகிறார். நீரிறைக்கும் இயந்திரம் வாங்குபவர் தம் கிணற்றின் ஆழத்தைச் சொல்லித் தெரிவு செய்கிறார். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரிடம் ஊறிப்போன இந்த விவேகம், கமரா வாங்கப் புறப்படும் அவர்தம் பிள்ளைகளிடம் பெரும்பாலும் காணப்படுவதில்லை. எதைப் படம் பிடிக்கக் கமரா வேண்டும் என்ற வினாவை விடுத்து, எத்தனை மெகாபிக்சல், எந்த மாதிரி, யாரிடம் அது இருக்கிறது என்ற வினாக்களோடு அவர்கள் கடைக்குச் செல்கின்றனர். பொருள் மிகுந்தவர்க்கு இதனாற் பெருநட்டம் இல்லை. பிழையாக வாங்கியதை விற்று வேறொன்று வாங்கிக்கொள்வர். சீட்டுப் பணத்தையோ முதற் சம்பளங்களையோ சேர்த்து வைத்து ஒரே முறை வாங்குபவர்க்கு அந்த வசதி இல்லை. அத்தகையோர்க்கு உதவக்கூடிய சில செய்திகளை விளக்குவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

சுன்னாகத்து இளைஞர் ஒருவரை மனத்திற் கொண்டு இதனை ஆராயலாம். அவருடைய ஊரிலே படத்துக்குரிய பொருள்களுக்குக் குறைவில்லை. காலையில் வாழைக்குலைகளும் மரக்கறிகளும் வந்து குவியும் சந்தை உண்டு. செம்மண் தோட்டங்கள் உண்டு. அயலிலே கந்தரோடையில் பண்டைப் பௌத்த சின்னங்களாகிய சிறு தூபிகள் நிற்கின்றன. 1990 ஆம் ஆண்டில் நின்றுபோய், 2015 ஆம் ஆண்டு சனவரியில் காங்கேசன்துறை வரை மீண்டும் ஓடத் தொடங்கிய புகையிரதம் ஊரினூடாகச் செல்கிறது. 1930 முதல் 1958 வரை ‘ஈழகேசரி’ பத்திரிகை வெளிவந்த ஊரும் இதுவே.

இவற்றினும் மேலான ஒரு காரணமும் இங்கே உண்டு. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒருங்கே ஊரை விட்டு வெளியேறியபோது, கையில் எடுத்துச் சென்றவை சில. வீட்டில் விட்டுச் சென்றவை பல. விட்டுச் சென்றவற்றுள் கலியாண அல்பங்களும் குடும்பப் படங்களும் இருந்தன. திரும்பி வந்த குடும்பங்கள் பலவற்றில், பாட்டன் பாட்டியின் முகத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படமேனும் எஞ்சவில்லை. ஆகையால் இவ்வூரில் ஒருவர் கமரா வாங்குவது ஒரு பொறுப்பை ஏற்பதும் ஆகும்.

டிஜிற்றல் எஸ்.எல்.ஆர். என வழங்கும் கமராவின் அமைப்பு விளங்கிக்கொள்வதற்கு எளியது. எஸ்.எல்.ஆர். என்பது ஒற்றை வில்லைத் தெறிப்புக் கமரா எனப் பொருள்படும். முன்னாலுள்ள வில்லையினூடாகப் புகும் ஒளி, உள்ளே 45 பாகைச் சரிவில் நிற்கும் ஆடியிற் பட்டு மேலே தெறிக்கிறது. மேலேயுள்ள அரியம் அதனைத் திருப்பிக் கண்ணுக்கு அனுப்புகிறது. விலை குறைந்த மாதிரிகளில் அரியத்தின் வேலையைச் சிறு ஆடிகளே செய்கின்றன. இவ்வாறு படமெடுப்பவர், வில்லை காணும் காட்சியையே தாமும் காண்கிறார். விசையை அழுத்தியதும் ஆடி மேலெழுகிறது. ஷட்டர் என்னும் திரை திறக்கிறது. முன்னாளில் பிலிம் இருந்த இடத்தில் அமைந்த உணரியின்மேல் ஒளி விழுந்து மின்குறிகளாகிறது.

1991 ஆம் ஆண்டில் கொடாக் நிறுவனம், நிக்கொன் எஃப்3 என்னும் பிலிம் கமராவின் உடலைக் கொண்டு இவ்வகையில் முதலாவது விற்பனைக் கமராவை வெளியிட்டது. அதன் உணரியில் இருந்த புள்ளிகள் 13 இலட்சம் மட்டுமே. விலையோ பெரு நிறுவனங்களால் மாத்திரம் கொடுக்கக்கூடியது. 2003 ஆம் ஆண்டில் கனொன் நிறுவனத்தின் ஈஓஎஸ் 300டி, 60 இலட்சம் புள்ளிகளோடு, அமெரிக்காவில் 1,000 டொலருக்கும் குறைந்த விலைக்கு வந்தது. அதன் பின்னரே சாதாரண மக்களின் கையில் இக்கருவி தவழத் தொடங்கியது.

காலம் இப்பொழுது மறுபடியும் மாறிவிட்டது. 2018 ஆம் ஆண்டில் நிக்கொன், கனொன் ஆகிய இரு பெரு நிறுவனங்களும் ஆடியில்லாக் கமராக்களுக்கென முற்றிலும் புதிய வில்லை வரிசைகளைத் தொடங்கின. அன்று முதல் அவற்றின் கவனம் அப்பக்கமே சென்றது. புதுமை விரும்புவோர் தம் பழைய எஸ்.எல்.ஆர். கமராக்களை விற்றுவிட்டுப் புதியவற்றுக்கு மாறுகின்றனர். இது சிறு முதலாளருக்கு நல்வாய்ப்பு. 2022 ஆம் ஆண்டில் இலங்கை ரூபாவின் பெறுமதி பெரிதும் வீழ்ந்தபின், புதிய கமராவின் விலை பலருக்கு எட்டாக்கனியாயிற்று. பாவித்த எஸ்.எல்.ஆர். கமராவோ இன்னும் எட்டக்கூடியது. அதன் குறையையும் சொல்லவேண்டும்: இனிப் புதிய மாதிரிகளும் புதிய வில்லைகளும் அரிதாகவே வரும். ஆயினும் முன்னரே செய்யப்பட்ட வில்லைகள் ஏராளம். நிக்கொனின் வில்லைப் பூட்டு 1959 ஆம் ஆண்டு முதலும், கனொனின் பூட்டு 1987 ஆம் ஆண்டு முதலும் வழக்கில் உள்ளவை. கற்றுக்கொள்ளும் ஒருவர்க்கு ஆயுள் முழுவதும் போதுமான வில்லைகள் பாவித்த பொருட் சந்தையில் உண்டு.

கைத்தொலைபேசி இருக்கையில் கமரா எதற்கு என்று வீட்டில் மூத்தவர்கள் கேட்பர். அது நியாயமான கேள்வியே. நல்ல வெயிலில் சந்தையையோ நண்பர்களையோ படமெடுத்துத் திரையிற் பார்ப்பதற்குத் தொலைபேசி போதும். அதற்கு மேல் விருப்பமில்லாதவர் தம் பணத்தைச் சேமித்துக்கொள்ளலாம். மங்கிய ஒளியில் ஓடியாடும் குழந்தையை எடுக்கவும், தேர்த் திருவிழாவைத் தூரத்திலிருந்து எடுக்கவும், ஒளியையும் நேரத்தையும் தம் விருப்பப்படி ஆள்வதைக் கற்கவும் விரும்புபவர்க்கே எஸ்.எல்.ஆர். பயன் தரும். அதன் உணரி தொலைபேசியின் உணரியிலும் பன்மடங்கு பெரியது. வில்லையைக் கழற்றி மாற்றலாம். ஆடியினூடாகக் காட்சியைப் பார்ப்பதற்கு மின்சாரமும் செலவாவதில்லை. நிக்கொன் டி3500 மாதிரிக்கு ஒரு மின்னேற்றத்தில் 1,550 படங்கள் எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

மெகாபிக்சல் என்னும் மயக்கம் அடுத்ததாகக் களையப்பட வேண்டியது. ஒரு மெகாபிக்சல் என்பது பத்து இலட்சம் புள்ளிகள். கையிற் பிடித்துப் பார்க்கும் அச்சுப் படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால் மிக நன்று. அவ்வளவில் 12 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் கொண்ட படத்துக்குத் தேவைப்படுபவை ஏறக்குறைய 86 இலட்சம் புள்ளிகள். 12 மெகாபிக்சல் கொண்ட பழைய கமராவே இதனை எளிதில் நிறைவேற்றும். 24 மெகாபிக்சல் கமராவால் 20 அங்குல நீளப் படம் அச்சிடலாம். சுவரளவு படம் தேவைப்படாத ஒருவர், 18 மெகாபிக்சலுக்கும் 24 மெகாபிக்சலுக்கும் உள்ள வேறுபாட்டுக்காகப் பணத்தைச் செலவழிப்பது வீண்.

அப்பணம் செல்லவேண்டிய இடம் வில்லையே. கமராவோடு சேர்த்து விற்கப்படும் வில்லை வழக்கமாக 18 மில்லிமீற்றர் முதல் 55 மில்லிமீற்றர் வரை குவியத் தூரம் மாறக்கூடியது. முதல் ஆறு மாதம் கற்பதற்கு அது நன்று. சிறிய வீட்டின் அறைக்குள்ளே குடும்பத்தார் அனைவரையும் ஒரே படத்தில் அடக்க 18 மில்லிமீற்றர் உதவும். அதன் குறை ஒளியைப் பற்றியது. 55 மில்லிமீற்றரில் அதன் துவாரம் எஃப் 5.6 அளவுக்கு மேல் விரியாது. 50 மில்லிமீற்றர் நிலைக்குவிய வில்லையோ எஃப் 1.8 வரை விரியும். எண் சிறிதாகத் துவாரம் பெரிதாகும்; இவ்விரண்டுக்கும் இடையிலே ஒளியின் வேறுபாடு ஏறக்குறைய பத்து மடங்கு. மாலை வேளையில் விறாந்தையில் இருக்கும் பாட்டியை எடுக்க, முதல் வில்லை பத்தில் ஒரு செக்கன் கேட்கும். அவ்வளவு நேரத்தில் கை நடுங்கும், முகமும் அசையும். இரண்டாவது வில்லை நூறில் ஒரு செக்கனில் அதே படத்தைத் தெளிவாகத் தரும். கண் கூசும் பிளாஷ் ஒளியும் வேண்டியதில்லை.

இந்த 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லை, வில்லைகளுள் மிக மலிவானவற்றில் ஒன்று. எனினும் தொடக்க நிலைக் கமராக்களின் உணரி பழைய பிலிம் சட்டத்தினும் சிறியதாதலால், அது கனொனில் 80 மில்லிமீற்றர் போலவும் நிக்கொனில் 75 மில்லிமீற்றர் போலவும் காட்சியைக் குறுக்கும். ஒருவருடைய முகத்துக்கு அது பொருத்தம், அறைக்குள் நெருக்கடி. பொதுப் பயனுக்கு நிக்கொன் வைத்திருப்பவர் 35 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லையையும், கனொன் வைத்திருப்பவர் 24 மில்லிமீற்றர் எஃப் 2.8 வில்லையையும் தேடலாம்.

வில்லை வாங்கும்போது பொருத்தம் பார்த்தல் இன்றியமையாதது. கனொனின் ஈஎஃப், ஈஎஃப்-எஸ் வில்லைகள் தம்முள்ளேயே மோட்டரைக் கொண்டவை. தொடக்க நிலை எஸ்.எல்.ஆர். மாதிரிகளில் அவை இயங்கும். நிக்கொனில் நிலைமை வேறு. டி3000, டி5000 வரிசைக் கமராக்களின் உடலில் குவியஞ் செய்யும் மோட்டர் இல்லை. ஆகவே 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 டி என்னும் மலிவான பழைய வில்லையை அவற்றிற் பூட்டினால், கையால் திருகியே குவியஞ் செய்ய நேரும். ஏஎஃப்-எஸ் எனக் குறிக்கப்பட்ட வில்லையே அவற்றுக்கு வேண்டும். ஏஎஃப்-பி எனக் குறிக்கப்பட்ட புதிய வில்லைகளோ டி3200, டி7000 போன்ற பழைய மாதிரிகளில் குவியஞ் செய்வதில்லை. இந்த எழுத்துக்களைக் கவனியாது வாங்கி ஏமாந்தவர் பலர்.

பாவித்த கமராவைக் கண்ணால் மட்டும் பார்த்து வாங்கலாகாது. வில்லையைக் கழற்றி, துவாரத்தை முழுதும் விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நோக்கவேண்டும். சிலந்தி வலைபோல் நூலிழைகள் தெரியின் அது பூஞ்சணம். விலை எவ்வளவு குறையினும் அவ்வில்லையை விட்டுவிடுதல் நன்று. பின்னர் துவாரத்தை எஃப் 16 அளவில் வைத்துத் தெளிந்த வானத்தைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கவேண்டும். கரும்புள்ளிகள் தெரியின் உணரியில் தூசு உண்டு. தூசியைத் துடைக்கலாம், கீறல் தீராது. ஷட்டர் எத்தனை முறை இயங்கிற்று என்பதைப் படக்கோப்பைக் கொண்டோ கணினி மென்பொருளைக் கொண்டோ பெரும்பாலான மாதிரிகளில் அறியலாம். நிக்கொன் டி3300, டி3500 ஆகியவற்றின் ஷட்டர் 1 இலட்சம் இயக்கங்களுக்குச் சோதிக்கப்பட்டது. ஆகவே 20,000 ஓடிய கமரா இளமையானது. 90,000 ஓடியது முதுமை எய்தியது. பற்றறி வீங்கியிருக்கிறதா, மெமரி காட் நுழையும் இடம் பழுதின்றி உள்ளதா, கைபிடி இறப்பர் பிசுபிசுக்கிறதா என்பவற்றையும் பார்த்தல் வேண்டும்.

வெளிநாட்டிலுள்ள உறவினர் தாம் பாவித்த கமராவை அனுப்பிவைப்பதும் யாழ்ப்பாணத்தில் வழக்கமே. அன்பளிப்பாயினும் மூன்று வினாக்களை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். மின்னேற்றி 100 முதல் 240 வோல்ற்று வரை ஏற்குமா? பட்டியல்களை ஆங்கிலத்தில் மாற்ற முடியுமா? (யப்பானில் விற்பதற்கென ஆக்கப்பட்ட சில கமராக்களில் யப்பானிய மொழி மட்டுமே உண்டு.) பழுதானால் உத்தரவாதம் இலங்கையிற் செல்லுமா? இவற்றுள் கடைசி வினாவுக்குப் பெரும்பாலும் இல்லை என்பதே விடை.

கையிலுள்ள பணத்தைப் பத்துப் பங்காக்கினால், ஐந்து பங்கை உடலுக்கும், மூன்று பங்கை வில்லைக்கும், இரண்டு பங்கை ஏனைய துணைப்பொருள்களுக்கும் ஒதுக்குதல் ஏற்ற முறை. முழுப்பணத்தையும் உடலிலே கொட்டியவர், இரண்டாவது பற்றறிக்கும் பைக்கும் கடன் கேட்பார். துணைப்பொருள்களுள் மலிவானதும் முக்கியமானதும் காற்றுப் புகாத மூடியுள்ள ஒரு பெட்டியும் அதனுள் இடும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் ஆகும். ஒக்டோபர் முதல் திசெம்பர் வரை வடகீழ்ப் பருவமழையின் ஈரலிப்பு வீட்டினுள்ளும் புகும்; அலுமாரிக்குள் துணியோடு வைத்த வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் ஈரம் ஏற்று நிறம் மாறியதும் மெல்லிய சூட்டில் உலர்த்தி மீண்டும் பாவிக்கலாம். அரிசிக்குள் புதைத்து வைப்பதால் மாவே வில்லையில் ஒட்டும். கோடையிலோ செம்மண் புழுதி பகை. தோட்டவெளியில் நின்று வில்லையைக் கழற்றலாகாது.

கலியாணப் படமெடுத்துக் கடனை அடைக்கலாம் என்ற நம்பிக்கையில் நகையை அடகுவைத்துக் கமரா வாங்குவோரும் உளர். அது விவேகமன்று. ஒரு கமரா மட்டும் உடையவர் பிறர் வீட்டுக் கலியாணத்தைக் கூலிக்கு ஏற்கலாகாது. தாலி கட்டும் வேளையில் அது பழுதுபட்டால் அந்தக் கணம் மறுபடி வாராது. முதலாண்டில் தம் வீட்டாரையும் அயலாரையும் எடுத்துப் பழகுவதே போதும். கோயில் உள்வீதியில் படமெடுக்குமுன் அனுமதி கேட்பதும் பழகவேண்டியவற்றுள் ஒன்று.

இறுதியாக ஒன்று. எடுத்த படம் ஒரே இடத்தில் இருக்குமாயின், அது அலுமாரியில் இருந்த அந்தப் பழைய அல்பத்தினும் பாதுகாப்பானதன்று. தொலைபேசி தொலையும், கணினி பழுதாகும், மெமரி காட் அழியும். ஒவ்வொரு படத்துக்கும் குறைந்தது இரண்டு பிரதிகள் வேண்டும்; அவற்றுள் ஒன்று வேறொரு வீட்டில், இயலுமாயின் வேறொரு நாட்டிலுள்ள உறவினரிடம் இருத்தல் நலம். ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்பிரதிகளாக்கிக் காக்கும் நூலகத் திட்டம் 2005 ஆம் ஆண்டில் தொடங்கியதும், 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தமை கற்பித்த பாடத்தை உணர்ந்த ஊரிலேதான் நன்கு விளங்கும். ஆகவே துணைப்பொருள்களுக்கு ஒதுக்கிய இரண்டு பங்கில், படங்களைச் சேமிக்கும் ஒரு வன்தட்டுக்கும் இடம் வைத்தே கணக்கிடவேண்டும். அக்கணக்கில் உடலின் விலை சற்றுக் குறைந்து, ஒரு பழைய மாதிரியையே வாங்க நேரிடினும் நட்டமில்லை. படத்தைப் பார்ப்பவர் அதிலுள்ள முகத்தையே தேடுவார். அது எந்தக் கமராவில் எடுக்கப்பட்டது என்று கேட்கமாட்டார்.