கேமரா, ரேடார், லைடார்... 3 கண்கள் இருந்தும் அந்த கார் ஏன் நிற்கவில்லை? முழு விளக்கம்

அமெரிக்காவின் அரிசோனா மாகாணம், டெம்பி நகரம். 2018 மார்ச் 18 இரவு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் மீது ஊபர் நிறுவனத்தின் தானியங்கி சோதனை கார் மோதியது. அவர் உயிரிழந்தார். தானியங்கி கார் மோதி பாதசாரி ஒருவர் இறந்த முதல் சம்பவம் இதுதான்.

இத்தனைக்கும் அந்த காரில் கேமரா, ரேடார், லைடார் மூன்றுமே இருந்தன. அப்புறம் எப்படி விபத்து நடந்தது?

லைடார் என்றால் என்ன?

சிம்பிளா சொன்னா, லேசர் ஒளியில் இயங்கும் ரேடார். கண்ணுக்குத் தெரியாத லேசர் துடிப்புகளை அனுப்பி, அவை பொருளில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கும். 30 மீட்டர் தூரத்தில் இருக்கும் பொருளில் பட்டு ஒளி திரும்ப 200 நானோ நொடிதான் ஆகும். இப்படி லட்சக்கணக்கான புள்ளிகளைச் சேர்த்து 3டி படம் உருவாகிறது. இருட்டும் இதற்குப் பிரச்சினை இல்லை.

ஏன் மூன்றும் தேவை?

லைடாருக்கு நிறம் தெரியாது. சிக்னல் சிவப்பா, பச்சையா என்று கேமராதான் சொல்ல வேண்டும். ஆனால் கேமரா, இருட்டிலும் எதிர்வெயிலிலும் திணறும். பனிமூட்டம், கனமழையில் லைடாரும் தடுமாறும். அப்போது கைகொடுப்பது ரேடார். வேகத்தையும் நேரடியாக அளந்துவிடும். ஆனால் அது தரும் உருவம் தெளிவாக இருக்காது.

இந்த மூன்று தகவலையும் ஒன்றாக இணைப்பதுதான் 'சென்சார் ஃப்யூஷன்'. நேரம் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் போகும் கார், 0.1 நொடியிலேயே ஒன்றரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும்.

டெம்பியில் என்ன தவறு நடந்தது?

அமெரிக்க தேசிய போக்குவரத்து பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையில் தெரியவந்தவை இவை:

* மோதுவதற்கு 5.6 நொடிக்கு முன்பே ரேடார் அவரைக் கண்டுபிடித்துவிட்டது. அடுத்து லைடாரும் பார்த்தது.
* ஆனால் மென்பொருள் அவரை 'வாகனம்', 'வேறு பொருள்', 'சைக்கிள்' என மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும், அவர் அதுவரை நகர்ந்து வந்த பாதையை மறந்துவிட்டது. அதனால் அவர் எங்கே போகிறார் என்பதைக் கணிக்க முடியவில்லை.
* கிராசிங் இல்லாத இடத்திலும் மனிதர்கள் சாலையைக் கடப்பார்கள் என்பதையே அது கணக்கில் எடுக்கவில்லை.
* மோதல் உறுதி என்று தெரிந்தபோது மிச்சம் இருந்தது 1.2 நொடி. தேவையில்லாமல் பிரேக் போடுவதைத் தவிர்க்க வைத்திருந்த ஒரு நொடி தாமதத்தால், அதுவும் வீணானது.
* வால்வோ காரில் ஏற்கெனவே இருந்த அவசர பிரேக் வசதி, சோதனைக்காக அணைக்கப்பட்டிருந்தது.

காரைக் கண்காணிக்க அமர்த்தப்பட்டவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்ததே விபத்துக்கு முக்கிய காரணம் என்றும் வாரியம் கூறியது.

இப்போது நிலைமை என்ன?

நிறுவனங்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. வேமோ 2024இல் அறிமுகப்படுத்திய 6ஆம் தலைமுறை அமைப்பில் 13 கேமரா, 4 லைடார், 6 ரேடார் உள்ளன. டெஸ்லாவோ கேமராவே போதும் என்கிறது. லைடாரை நம்புவது வீண் வேலை என 2019இலேயே சொன்னவர் எலான் மஸ்க்.

எத்தனை சென்சார் என்பது ஒரு கேள்வி. டெம்பி காட்டியது இன்னொன்றை: அங்கே சென்சார்கள் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டன, பார்த்தது மனிதர் என்று மென்பொருளுக்குத்தான் புரியவில்லை.