நாற்சார் வீடும் அதன் வளர்ச்சியும்

ஊர்காவற்றுறையிலிருந்து படகேறியே அனலைதீவை அடைதல் வேண்டும். கல்லும் பனையும் தீவிலேயே உள; சீமெந்தும் கம்பியும் கடல் கடந்து வரவேண்டியவை. ஆங்குள்ள பழைய வீடுகளின் இயல்பை அறிய விழைவார் முதற்கண் நோக்கத்தக்கது இவ்வேறுபாடே.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு, வானம் பார்த்த முற்றத்தை நடுவே கொண்டு, விறாந்தையும் அறைகளும் நாற்புறமும் சூழ அமைவது. சுண்ணாம்புக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்திட்டு அடுக்கிய சுவர். முற்றிய பனையின் வளையும் சிலாகையும் தாங்கும் ஓட்டுக்கூரை. இத்தகைய வீடுகள் யாவும் ஒரே காலத்தில் முற்றுப்பெற்றன என எண்ணுதல் பொருந்தாது. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமை, பெண்ணின் சீதனத்துக்குத் தனியிடம் அளித்தது. வீடும் வளவும் மகளுக்குச் சேரும் வழக்கில், மகளிர்க்கு மணமாகுந்தோறும் ஓர் அறை, ஒரு சார்பு என வளர்ந்த வீடுகளும் உண்டு. ஆதலின் பழைய வீட்டைப் பெருப்பித்தல் மரபுக்கு மாறானதன்று. எவ்வாறு பெருப்பித்தல் என்பதே வினா.

1990இன் பின் போரினால் தீவகத்தார் பலர் இடம்பெயர்ந்தனர். நெடுங்காலம் கழித்து வீட்டைத் திருத்த வரும் உரித்தாளருட் சிலர், இடம் வீணாகிறதெனக் கருதி முற்றத்தின்மேற் கொங்கிறீற்றுத் தட்டிட்டு மூடிவிடுகின்றனர். முற்றம் வெற்றிடமன்று. அறைகளின் வெங்காற்று மேலெழுந்து நீங்கும் வழியும், உள்ளறைக்கு ஒளி தரும் வாயிலும், மணமும் மரணச் சடங்கும் நிகழும் களமும் அதுவே. அதனை மூடிய வீடு பெரிதாகும். நாற்சார் வீடாக இராது.

சுவரின் செய்தி இன்னும் நுட்பமானது. நிலத்து ஈரத்தை உறிஞ்சும் கற்சுவர், சுண்ணாம்புப் பூச்சினூடே அதனை வெளிவிடும். சீமெந்துப் பூச்சு அவ்வழியை அடைக்கவே, உப்பு உள்ளே படிகமாகிப் பூச்சைப் பெயர்க்கும். கொங்கிறீற்றினுட் புகும் கடலுப்போ கம்பியைத் துருவேற்றும். துருவால் பருத்த கம்பி கொங்கிறீற்றையே பிளக்கும். காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தி தொடங்கிய பின்னர்ச் சீமெந்து கௌரவத்தின் அடையாளமுமாயிற்று. கௌரவம் உப்பைத் தடுப்பதில்லை. பழைய சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தே தக்கது. உளுத்த வளையை மட்டும் மாற்றினாற் போதும். கூரை முழுவதையும் களைய வேண்டுவதில்லை.

புதிதாகச் சேர்ப்பது புதிதெனத் தோன்றுதலில் இழுக்கில்லை. பழங்கட்டடப் பேணுகை பற்றிய 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனமும், தவிர்க்கவியலாப் புதுவேலை தன் காலத்தின் முத்திரையைத் தாங்குக என்றே கூறும். ஆகவே சமையலறையும் குளியலறையும் பின்புறத்தே தனிக்கட்டாக எழுந்து, கூரையிட்ட நடையொன்றினால் வீட்டோடு இணைதல் நன்று. நீர்க்குழாய்களும் அப்புதுக்கட்டோடு நிற்பின் பழஞ்சுவர் வெட்டுண்ணாது. மலகூடக் குழியைக் கிணற்றுக்கு மிகத் தொலைவில் வைத்தல் வேண்டும். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடே கழிவு விரைந்து பரவும். தீவின் நன்னீரோ உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படையே.